விண்வெளி நிலையத்தில் ஒரு முஸாபிர்

ஹிஜ்ரி 1428, மலேசியக் கணக்கின்படி ரமழான் பிறை 28. ஆங்கிலத் தேதி 2007 அக்டோபர் 10. கஸகஸ்தான் நாட்டின் பைக்கனூர் ஏவுதளத்திலிருந்து மூவரைச் சுமந்துகொண்டு ஒரு சோயுஸ் விண்கலம் மேலெழும்பியது. அம்மூவருள் ஒருவர் மலேசியாவைச் சேர்ந்த எலும்பு அறுவை மருத்துவர் ஷேக் முஸஃபர் ஷுக்கூர். இரண்டு நாள் பயணத்திற்குப் பின் அக்டோபர் 12 அன்று கலம் பன்னாட்டு விண்வெளி நிலையத்தைச் சென்றடைந்தது. மறுநாள் அவருடைய நாட்டில் நோன்புப் பெருநாள்.

வெளியூரில் ஒரு வீட்டுக்கு விருந்தாளியாகச் செல்லும் முஸ்லிம், சலாம் சொல்லி அமர்ந்ததும் இரண்டு கேள்விகளைக் கேட்பார். உளூ செய்யத் தண்ணீர் எங்கே? கிப்லா எந்தப் பக்கம்? ஷேக் முஸஃபர் சென்ற வீட்டில் இவ்விரண்டுக்கும் நேரடியான விடை இல்லை. ஆயினும் அவர் விடையறியாமல் செல்லவில்லை. அந்த விடைகள் எங்கிருந்து எடுக்கப்பட்டன என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு முன் அந்த வீட்டின் நடைமுறையைக் கொஞ்சம் அறிந்துகொள்வோம்.

நிலையத்தின் கதவைக் கடந்து வரும் புதியவரைப் பழையவர்கள் கட்டித்தழுவி வரவேற்பார்கள். அடுத்து நடப்பது விருந்தன்று, பாதுகாப்புப் பாடம். தீப்பிடித்தல், காற்று வெளியேறுதல், நச்சு வாயுக் கசிவு என்ற மூன்று ஆபத்துகளில் எது நேர்ந்தாலும் எங்கே செல்ல வேண்டும், எதை எடுக்க வேண்டும், திரும்பும் கலம் எந்தப் பக்கம் என்பதை முதலில் காட்டிவிடுவார்கள். அதன் பின்னரே மற்றவை.

முதல் இரண்டு மூன்று நாட்கள் பலருக்குத் தலைசுற்றலும் குமட்டலும் இருக்கும். செல்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இதற்கு ஆளாகின்றனர். மேல், கீழ் என்று உட்செவி இதுவரை சொல்லி வந்த செய்தி நின்றுபோவதே காரணம். உடலின் நீர் தலைப்பக்கம் ஏறுவதால் முகம் வீங்கி மூக்கு அடைத்துக்கொள்ளும், நாவின் சுவை மங்கும். புதியவர் சுவரைக் காலால் வேகமாக உந்தக் கூடாது. உந்தினால் எதிர்ச்சுவரில் மோதுவார், அல்லது யாராவது ஒருவருடைய ஆய்வுக் கருவியில் மோதுவார். விரல் நுனியால் மெல்லத் தள்ளினாலே போதுமானது. நிற்க வேண்டுமானால் சுவரிலுள்ள பட்டையில் கால் விரல்களை நுழைத்துக்கொள்ள வேண்டும். பல மாதங்கள் தங்குபவருக்கு உள்ளங்கால் தோல் மென்மையாகி, புறங்காலில் காய்ப்பு ஏறிவிடுமாம்.

கையிலிருக்கும் பொருளை எங்கும் வைக்க முடியாது, ஒட்ட வேண்டும் அல்லது கட்ட வேண்டும். மறந்து விட்டுவிட்டால் அது மிதந்துபோகும். காணாமல் போன பொருளைத் தேடப் பழையவர்கள் முதலில் செல்லுமிடம், காற்றை உள்ளிழுக்கும் விசிறியின் வலைத்தட்டு. பேனாவும் கரண்டியும் அங்கேதான் வந்து ஒட்டிக்கொண்டிருக்கும். ரொட்டித் துகள் கண்ணிலும் கருவியிலும் புகும் என்பதால் ரொட்டிக்குப் பதில் மெக்சிகோ நாட்டுச் சப்பாத்தியான டார்ட்டில்லா. உப்பும் மிளகும் திரவமாகவே வரும். உறங்குவதற்குச் சுவரில் கட்டிய உறைப்பை. அதனருகில் காற்று ஓடிக்கொண்டேயிருக்க வேண்டும். இல்லையேல் உறங்குபவர் விட்ட மூச்சு அவர் முகத்தைச் சுற்றியே தங்கி மூச்சுத்திணறலை உண்டாக்கும். வெப்பமான மூச்சு மேலெழுவது எவ்வளவு பெரிய நிஃமத் என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

குளியலறை இல்லை, ஈரத்துணியால் துடைத்துக்கொள்வதுதான். தண்ணீரை ஊற்ற இயலாது. பையிலிருந்து பிதுக்கினால் அது உருண்டையாக மிதக்கும், தோலில் பட்டால் பசைபோல் ஒட்டிக்கொள்ளும், வழிந்தோடாது. கழிப்பறையில் நீருக்குப் பதிலாகக் காற்றுதான் கழிவை இழுத்துச் செல்கிறது. துணி துவைப்பதும் இல்லை. உடுத்திய உடையைச் சில நாட்கள் கழித்துக் குப்பையோடு சேர்த்துவிடுவார்கள். அக்குப்பையைச் சுமந்த சரக்குக் கலம் வளிமண்டலத்தில் எரிந்துபோகும்.

இவை யாவற்றுக்கும் மேலாக, மணிக்கு ஏறத்தாழ 28,000 கிலோமீட்டர் வேகத்தில் அந்த வீடு பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. 90 நிமிடங்களுக்கு ஒரு சுற்று. நம்முடைய ஒரு நாளில் அங்கே 16 முறை சூரியன் உதித்து மறைகிறது. எனவே அங்குள்ளோர் வானத்தைப் பார்த்து நேரம் அறிவதில்லை. கிரீன்விச் நேரத்தைக் காட்டும் கடிகாரத்துக்கே கட்டுப்பட்டு எழுகிறார்கள், உறங்குகிறார்கள்.

விண்ணுக்குச் சென்ற முதல் முஸ்லிம் ஷேக் முஸஃபர் அல்லர். 1985 ஜூன் 17 அன்று, அதுவும் ரமழானின் கடைசி நாட்களில், சவூதி இளவரசர் சுல்தான் பின் சல்மான் டிஸ்கவரி விண்ணோடத்தில் சென்றார். அப்போது அவருக்கு வயது 28. செல்லுமுன் ஷேக் பின் பாஸ் அவர்களிடம் மார்க்கச் சட்டங்களைக் கேட்டறிந்தே சென்றார். 1987இல் சிரியாவின் முஹம்மது ஃபாரிஸ் சோவியத் நாட்டின் மிர் நிலையத்திற்குச் சென்றார். தாகெஸ்தான் வம்சாவளியினரான மூஸா மனாரோவ் அதே ஆண்டு டிசம்பரில் மிர் சென்று ஓராண்டு காலம் அங்கேயே தங்கினார். 1988 ஆகஸ்டில் ஆப்கானிஸ்தானின் அப்துல் அஹத் மொமந்த் கையில் குர்ஆனுடன் சென்றார். அவர் திரும்பிய பயணம் எளிதாக அமையவில்லை. இறங்க வேண்டிய வேளையில் கருவி பிழைத்தது. கழிப்பறையும் இடவசதியும் கொண்ட பகுதியை முன்பே கழற்றிவிட்டிருந்தார்கள். ஆகவே அவரும் உடன் சென்ற லியாகோவும் குறுகிய இறங்குகலத்தில் ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் அடைபட்டுக் கிடந்து, பின்னர் அல்லாஹ்வின் அருளால் நலமாகத் தரையிறங்கினர்.

ஆனால் இவர்கள் காலத்தில் இதற்கென்று தொகுத்து எழுதப்பட்ட சட்ட வழிகாட்டி எதுவும் இல்லை. அதை உருவாக்கியது மலேசியா. ரஷ்யாவிடம் 18 சுகோய் போர் விமானங்களை வாங்கிய ஒப்பந்தத்தின் ஒரு பகுதியாக, ஒரு மலேசியரை விண்வெளிக்கு அனுப்பும் வாய்ப்பு அந்நாட்டுக்குக் கிடைத்தது. போர் விமான வணிகத்திலிருந்து ஒரு ஃபிக்ஹு நூல் பிறக்கும் என்று யார் எண்ணியிருப்பார்? 2006 ஏப்ரலில் மலேசிய விண்வெளி நிறுவனம் உலமாக்களும் அறிவியலாளர்களுமாக ஏறத்தாழ 150 பேரைக் கூட்டி ஆலோசித்தது. அதன் தொடர்ச்சியாக அந்நாட்டின் ஃபத்வா சபை, விண்வெளி நிலையத்தில் வணக்கங்களை நிறைவேற்றுவதற்கான வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது.

நம் கவனத்தை ஈர்ப்பது அதிலுள்ள புதுமையன்று, பழமையே. மலேசிய முஸ்லிம்கள் ஷாஃபிஈ மத்ஹபைச் சேர்ந்தவர்கள். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் உள்ள நம் மரக்காயர் முன்னோரும் அதே மத்ஹபினர், அதே கடலில் கப்பலோட்டியவர்கள். 16ஆம் நூற்றாண்டில் மலபாரின் ஸைனுத்தீன் மக்தூம் எழுதி, இன்றும் நம் மதரஸாக்களில் ஓதப்படும் ஃபத்ஹுல் முயீனில் ஒரு சட்டம் உண்டு. கப்பலில் செல்பவர் எழுந்து நின்றால் தலை சுற்றும் என்று அஞ்சினால் உட்கார்ந்து தொழலாம் என்பதே அது. விண்வெளி நிலையத்தில் முதல் நாள் தலை சுற்றுபவருக்கான சட்டம், இந்தியப் பெருங்கடலில் பாய்மரக் கப்பல்கள் ஓடிய காலத்திலேயே எழுதி வைக்கப்பட்டுவிட்டது.

நேரத்தை எடுத்துக்கொள்வோம். 16 உதயங்களுக்கும் ஐவேளை என்று கணக்கிட்டால் நாளொன்றுக்கு 80 தொழுகைகள். வழிகாட்டி அவ்வாறு சொல்லவில்லை. 24 மணி நேரத்திற்கு ஐவேளைதான், நேரங்களைக் கலம் புறப்பட்ட பைக்கனூரின் கணக்கில் கொள்ள வேண்டும் என்றது. பயணிக்குரிய ஜம்உ, கஸ்ர் சலுகைகளும் உண்டு. இதற்கான அடிப்படை ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. தஜ்ஜால் வரும்போது ஒரு நாள் ஓராண்டு போல் நீளும் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியபோது, அந்த நாளுக்கு ஒரு நாளின் தொழுகை போதுமா என்று தோழர்கள் கேட்டார்கள். போதாது, நேரத்தைக் கணித்துத் தொழுங்கள் என்று விடை வந்தது. தஜ்ஜாலைப் பற்றிக் கேட்ட மாத்திரத்தில் ஸஹாபாக்களுக்கு முதலில் தோன்றியது தொழுகையைப் பற்றிய கவலை! அவர்கள் அன்று கேட்காமல் இருந்திருந்தால் இன்று நமக்கு இந்த விடை கிடைத்திருக்காது. ஹிஜ்ரி 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பக்தாதிலிருந்து வோல்கா நதிக்கரையின் பல்கார் நாட்டுக்குத் தூது சென்ற இப்னு ஃபழ்லானும் கோடைக்கால இரவு இஷாவும் ஃபஜ்ரும் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குக் குறுகியிருந்ததைக் கண்டு எழுதியுள்ளார். பிற்கால ஹனஃபி அறிஞர்கள் பல்காரின் இஷாவைப் பற்றி நெடுங்காலம் வாதிட்டார்கள். சூரியன் வழக்கம் தவறும் இடங்கள் ஃபிக்ஹுக்குப் புதியவையல்ல.

கிப்லாவுக்கு வழிகாட்டி நான்கு படிகள் வைத்தது. இயலுமானால் கஅபாவை நேராக முன்னோக்க வேண்டும். இயலாவிடில் கஅபாவுக்கு நேர்மேலே வானில் உயர்ந்து செல்லும் திசையை, அதுவும் இயலாவிடில் பூமியை, எதுவுமே இயலாவிடில் எத்திசையையேனும் நோக்கலாம். கிழக்கும் மேற்கும் அல்லாஹ்வுக்கே உரியவை, எப்பக்கம் திரும்பினாலும் அவனுடைய திருமுகம் உண்டு என்ற கருத்துடைய இறைவசனத்தைச் சிறு வயதில் மனனம் செய்தோம். வீடே விநாடிக்கு ஏழரைக் கிலோமீட்டருக்கு மேல் விரையும் இடத்தில் அதன் பொருள் வேறோர் அழுத்தத்துடன் விளங்குகிறது.

தயம்முமில்தான் சற்று நின்று யோசிக்க வேண்டியுள்ளது. உளூவில் நீர் உறுப்பின்மீது ஓட வேண்டும். அங்கே நீர் ஓடாது. சரி, தயம்மும் செய்யலாம் என்றால் நம் மத்ஹபில் அதற்குப் புழுதியுள்ள மண் வேண்டும். நிலையத்தில் மண் ஏது? சுவர், கண்ணாடி போன்ற தூய்மையான பரப்பில், புழுதி இல்லாவிடினும், இரு கைகளையும் தட்டித் தயம்மும் செய்யலாம் என்கிறது வழிகாட்டி. இது ஷாஃபிஈ மத்ஹபின் வழக்கமான சொல்லைத் தாண்டிய முடிவு என்பதைக் கற்றோர் உடனே உணர்வர். பழைய நூல்களில் நீரும் மண்ணும் ஆகிய இரண்டும் கிடைக்காதவர் என்று ஒரு மனிதர் வருவார். கயிற்றில் கட்டப்பட்டவர், சிறைப்பட்டவர் போன்றோர். அவரும் தொழுகையை விட்டுவிட முடியாது. நேரத்தின் கண்ணியத்திற்காக இருக்கும் நிலையிலேயே தொழுது, பின்னர் வசதி கிடைத்ததும் மீட்டித் தொழ வேண்டும் என்பதே நம் மத்ஹபின் சொல். மலேசிய உலமாக்கள் இலகுவான வழியைத் தேர்ந்தார்கள். நாமாக இருந்தால் மீட்டித் தொழும் பேணுதலையும் சேர்த்தே சொல்லியிருப்போம். ஆனால் இரு வழிகளும் ஒன்றில் உடன்படுகின்றன. நீரில்லை, மண்ணில்லை, ஆகவே தொழுகையில்லை என்று இரண்டுமே சொல்லவில்லை.

ஸஜ்தாவோ இன்னும் நுட்பமானது. நெற்றி தரையில் பட்டால் மட்டும் போதாது, தலையின் பாரம் அவ்விடத்தில் அழுந்த வேண்டும் என்று நம் நூல்கள் நிபந்தனையிடுகின்றன. பஞ்சின்மீது ஸஜ்தா செய்தால் அது அமுங்கும் அளவுக்கு என்று உஸ்தாதுமார் விளக்குவார்கள். தலைக்குப் பாரமே இல்லாத இடத்தில் எதை அழுத்துவது? உடலைத் தளரவிட்டால் கையும் காலும் தாயின் வயிற்றுக் குழந்தைபோல் தாமாகவே மடங்கி மிதக்கும் நிலை அது. வழிகாட்டி ஒரு படிக்கட்டைக் காட்டுகிறது. நிற்க முடிந்தால் நின்று, இல்லையேல் உட்கார்ந்து, இல்லையேல் ஒருக்களித்துப் படுத்து, இல்லையேல் மல்லாந்து, அதுவும் இயலாவிடில் கண்ணிமைகளின் அசைவால், அதற்கும் வழியில்லையேல் தொழுகையின் நிலைகளை மனத்தில் நடத்தி. இது விண்வெளிக்காக வகுக்கப்பட்ட படிக்கட்டன்று. மூலநோயால் வருந்திய இம்ரான் இப்னு ஹுஸைன் (ரழி) அவர்கள் கேட்டபோது, நின்று தொழு, முடியாவிட்டால் உட்கார்ந்து, அதுவும் முடியாவிட்டால் விலாப்புறமாகப் படுத்துத் தொழு என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ள சட்டமே இது. மீதிப் படிகள் அதிலிருந்து ஃபுகஹாக்கள் எடுத்தவை.

இந்தப் படிக்கட்டைப் பற்றி நாம் எழுத முற்பட்டதற்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவைச் சேர்ந்த வயது முதிர்ந்த தாயார் ஒருவர் இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையில் படுத்திருந்தார். ஒரு வேளையும் தொழுகையைத் தவறவிடாதவர் என்று ஊரே அறியும். நாம் இருமுறை சென்று பார்த்தோம், பழம் கொடுத்தோம், துஆ செய்தோம், திரும்பினோம். நாற்பது நாட்கள் படுக்கையில் இருந்து அவர் வஃபாத்தானார். மூன்றாம் நாள் அவருடைய மகன் நம்மிடம் வந்து, "ஹஜ்ரத், உம்மா ஆஸ்பத்திரியில் இருந்த நாற்பது நாளும் தொழவில்லை. கட்டில் கிப்லாவைப் பார்த்து இல்லை, ஒளுவும் செய்ய முடியவில்லை, வீட்டுக்குப் போய்ச் சேர்த்துத் தொழுதுகொள்கிறேன் என்று அழுதுகொண்டே இருந்தார்கள். இப்போது நாங்கள் என்ன செய்வது?" என்று கேட்டார்.

நோயாளியின் தொழுகை என்ற பாடத்தை நாம் ஆண்டுதோறும் நடத்தி வருகிறோம். அந்தக் கட்டிலருகே இருமுறை அமர்ந்திருந்தும், தொழுகிறீர்களா உம்மா, எப்படித் தொழுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் சொல்லிக் கொடுத்திருக்கலாம். கட்டிலைத் திருப்ப ஆளிருந்தால் திருப்ப வேண்டும், இல்லையேல் இருக்கும் திசையிலேயே தொழ வேண்டும். மண்ணை மகன் கொண்டுவந்திருப்பார். மகனுக்கு அன்று நாம் சொன்ன விடை, நம் மத்ஹபின் பிரபலமான சொல்லின்படி தொழுகைக்கு ஃபித்யா இல்லை, உம்மாவுக்காக அதிகமாகப் பாவமன்னிப்புத் தேடுங்கள் என்பதே. சட்டத்தைச் சரியாகத்தான் சொன்னோம், ஆனால் நாற்பது நாள் தாமதமாக.

அதன் பிறகு அந்தப் பாடத்தை மதரஸாவில் மலேசிய வழிகாட்டியுடன் சேர்த்தே நடத்துகிறோம். மருத்துவமனை என்றால் தூங்கி விழும் பிள்ளைகள் விண்வெளி என்றதும் நிமிர்ந்து உட்காருகிறார்கள். ஒரு மாணவர் கேட்டார்: "இமாம் நேராக நிற்கும்போது மஃமூம் கூரைப் பக்கமாகத் தலைகீழாக நின்றால் ஜமாஅத் கூடுமா?" வகுப்பே சிரித்தது. நாமும் சிரித்தோம். பிறகு, இமாமைவிட முந்தாமல் இருப்பதும் இமாமின் அசைவுகளை அறிவதும் அல்லவா நிபந்தனைகள் என்று நூலைப் புரட்டத் தொடங்கினோம். விடை இன்னும் முடிவாகவில்லை.

நோன்புக்கும் வழிகாட்டியில் இடமுண்டு. புறப்பட்ட இடத்தின் நேரப்படி நோற்கலாம், அல்லது பயணி என்ற முறையில் விட்டுவிட்டுப் பின்னர் களாச் செய்யலாம். 2023 மார்ச் முதல் செப்டம்பர் வரை ஆறு மாதங்கள் நிலையத்தில் தங்கிய அமீரகத்தின் சுல்தான் அல் நியாதி ரமழானையும் இரு பெருநாட்களையும் அங்கேயே கண்டார். தாம் பயணி என்பதால் நோன்பு தம்மீது கட்டாயமில்லை என்று புறப்படுமுன்பே அவர் விளக்கியிருந்தார். அதற்குள் நிலையமும் மாறியிருந்தது. 2008 இறுதியில் சிறுநீரையும் வியர்வையையும் சுத்திகரித்துக் குடிநீராக்கும் கருவி அங்கே வந்துவிட்டது. அருவருப்போடு கேட்பவர்களுக்கு ஒரு செய்தி: நிறமும் மணமும் சுவையும் முற்றிலும் நீங்கும்படி சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீர் தூய்மையானதே என்று சவூதியின் மூத்த உலமாக்கள் சபை 1978லேயே முடிவெடுத்துவிட்டது. மக்காவின் ஃபிக்ஹுப் பேரவையும் 1989இல் அவ்வாறே தீர்மானித்தது. அவர்கள் நகரக் கழிவுநீரை மனத்தில் கொண்டே பேசினார்கள்.

வழிகாட்டி மரணத்தையும் பேசாமல் விடவில்லை. நிலையத்தில் ஒருவர் வஃபாத்தானால் உடலைப் பூமிக்குக் கொண்டுவந்து முறைப்படி அடக்க வேண்டும், அதற்கு வழியே இல்லையெனில் அங்கேயே கடமைகளைச் சுருக்கமாக நிறைவேற்றி விண்ணில் விட வேண்டும் என்றது. நடுக்கடலில் இறந்தவருக்கு நம் முன்னோர் செய்ததும் இதுவே.

ஷேக் முஸஃபர் நிலையத்தில் ஈரல் புற்றுநோய், இரத்தப் புற்றுநோய் உயிரணுக்களைப் பற்றிய ஆய்வுகளைச் செய்தார். பெருநாளுக்காகத் தம் நாட்டுச் சாத்தே இறைச்சியையும் பிஸ்கட்டுகளையும் கொண்டுபோய் உடனிருந்த ரஷ்யருக்கும் அமெரிக்கருக்கும் பகிர்ந்தார். அக்டோபர் 21 அன்று திரும்பினார். இறங்கும்போது கலம் திட்டமிட்ட பாதையை விட்டுச் செங்குத்தாகப் பாய்ந்ததால், எடையற்றுப் பழகிய உடல்கள் வழக்கத்தைவிடக் கடுமையான அழுத்தத்தைத் தாங்க நேர்ந்தது. மூவரும் நலமாகவே தரைசேர்ந்தனர்.

இப்போது மருத்துவமனைக்கு நோயாளிகளைப் பார்க்கச் செல்லும்போது பழத்துடன் ஒரு சிறு டப்பாவில் சலித்த மண்ணும் எடுத்துச் செல்கிறோம். சென்ற வாரம் ஒரு செவிலியர் சகோதரி அதைத் திறந்து பார்த்து, இது என்ன மருந்து என்று கேட்டார். விளக்கிச் சொன்னோம். கட்டிலைச் சற்றே திருப்பிப் போட அவரே உதவினார்.